எஃப் 1 ப்ரெடிக்‌ஷன் போட்டி நடத்துறவங்க இருக்கீங்களா? ரிசல்ட்ட எப்ப லாக் பண்றீங்க, பாயிண்ட்ஸ் எப்படி போடுறீங்க?

பாயா_லேபார்_பையன்:

மக்களே ஒரு ஹெல்ப். நாங்க சிங்கப்பூர்ல ஒன்பது பேரு, பாலிடெக்னிக் படிக்கும்போதுல இருந்து பழக்கம், வருஷா வருஷம் எஃப் 1 (ஃபார்முலா 1 கார் ரேஸ்) சீசன் முழுக்க ப்ரெடிக்‌ஷன் போட்டி வச்சிக்கிறோம். ரேஸுக்கு முன்னாடி வாட்ஸ்அப் குரூப்ல முதல் மூணு இடம் யாருக்குனு வரிசையா எழுதணும். சரியான ஆளு சரியான இடத்துல வந்தா 5, ஆளு சரி இடம் மாறிடுச்சுனா 2, மூணும் அப்படியே விழுந்தா மேல ஒரு 10 போனஸ். இவ்வளவுதான் ரூல். ஆளுக்கு 50 வெள்ளி எனக்கு பேநவ்ல (ஃபோன்லயே காசு அனுப்புறது) போட்டுடுவாங்க, சீசன் முடிவுல முதல் ஆளுக்கு போயிடும். எக்செல் ஷீட் என் கையில, அதனால திட்டும் எனக்குத்தான்.

போன சீசன் (2025) நவம்பர் வரைக்கும் நல்லாத்தான் போச்சு. அப்புறம் வந்துச்சு பாருங்க லாஸ் வேகாஸ். நமக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம் 12 மணிக்கு ரேஸ், தெம்பனிஸ்ல ஒருத்தன் வீட்ல எல்லாரும் கூடி சோறு கறினு ஜாலியா பாத்தோம். எங்க குரூப்ல பேங்க்ல வேலை பாக்குறவன் ஒருத்தன், வெர்ஸ்டாப்பன், நோரிஸ், ரஸ்ஸல்னு போட்டிருந்தான், ரேஸ் முடிஞ்சு கொடி விழுந்தப்ப அப்படியே அச்சு அசலா அதே வரிசை, 15ம் போனஸ் 10ம் சேத்து 25, டேபிள்ல முதல் இடம். மனுஷன் சோபா மேல ஏறி நின்னு ஆடுறான், அந்த சந்தோஷத்துல எல்லாருக்கும் கேக் வேற ஆர்டர் பண்ணிட்டான். சில மணி நேரம் கழிச்சு நியூஸ் வருது, ரெண்டு மெக்லாரன் டீம் காரும் டிஸ்குவாலிஃபை, காருக்கு அடியில இருக்கிற பிளாங்க் (பலகை) அளவுக்கு மேல தேஞ்சு போச்சாம். நோரிஸ் 2வது இடம் காலி, 4வதா வந்த பியாஸ்ட்ரியும் காலி. புது வரிசை வெர்ஸ்டாப்பன், ரஸ்ஸல், அன்டோனெல்லி. பேங்க்காரன் 25ல இருந்து 7க்கு வந்துட்டான். ஜூரோங்ல இருக்கிற இன்னொருத்தன் வெர்ஸ்டாப்பன், ரஸ்ஸல், நோரிஸ்னு போட்டிருந்தான், அவனுக்கு 9 இருந்தது 10 ஆச்சு. டேபிள் தலைகீழ்.

அன்னிக்கு ஆரம்பிச்ச சண்டைதான். பேங்க்காரன் சொல்றான் கொடி விழுந்தப்ப டிவியில என்ன காட்டுனாங்களோ அதுதான் ரிசல்ட், கேக்கெல்லாம் தின்னாச்சு இனிமே மாத்துறதுனா என்ன அர்த்தம்னு. ஜூரோங்க்காரன் சொல்றான் எஃப்ஐஏ (ரேஸுக்கு ரூல் போடுற அமைப்பு) பேப்பர்ல இல்லாத ரிசல்ட்டுக்கு நீ எப்படி பாயிண்ட் கொடுப்பனு. எழுதி வச்ச ரூல்னு ஒண்ணும் இல்லாததால நான் நடுவுல மாட்டிக்கிட்டேன். கத்தார் ரேஸுக்கு பாதி பேரு ப்ரெடிக்‌ஷனே அனுப்பல. இப்ப வரைக்கும் அந்த ரெண்டு பேரும் குரூப்ல ஒருத்தன் மெசேஜுக்கு இன்னொருத்தன் தம்ஸ்அப் மட்டும்தான் போடுறான்.

இது போக இன்னும் ரெண்டு தலைவலி இருக்கு. ஒண்ணு, டைம். ரேஸ் ஸ்டார்ட் வரைக்கும் அனுப்பலாம்னு விட்டுட்டோம், ஒரு கியாசு கேஸ் (தோத்துடக் கூடாதுனு எதையும் பண்ற ஆளு) என்ன பண்றான்னா ஸ்டார்ட்டுக்கு சரியா முன்னாடி ஏதோ ஒண்ணு போட்டுட்டு முதல் லேப்ல யாரு மோதிக்கிட்டாங்கனு பாத்துட்டு மெசேஜ எடிட் பண்ணிடுறான், வாட்ஸ்அப்ல 15 நிமிஷம் வரைக்கும் எடிட் பண்ணலாம்ல, எடிட் பண்ணினதுனு மட்டும் காட்டும், முன்னாடி என்ன எழுதியிருந்தான்னு காட்டாது. இன்னொண்ணு, 2023 மாதிரி சீசன் வந்தா ஒன்பது பேரும் வெர்ஸ்டாப்பன்னு எழுதிட்டு உக்காந்திருக்கோம், அந்த வருஷம் 22 ரேஸ்ல 19 அவருதானே ஜெயிச்சாரு, எல்லாருக்கும் அதே 5 பாயிண்ட், கீழ இருக்கிறவன் ஜூன் மாசத்துலயே போர் அடிக்குதுனு கழண்டுக்கிறான்.

மார்ச்ல மெல்போர்ன்ல சீசன் தொடங்குறதுக்குள்ள ரூல்ஸ உருப்படியா எழுதி எல்லார்கிட்டயும் ஓகே வாங்கிடணும். நீங்கல்லாம் எப்படி பண்றீங்க?

சேஃப்டி_கார்:

கேக்க திருப்பி கேட்டாரா இல்லையா அத முதல்ல சொல்லு ப்ரோ 😂

உட்லண்ட்ஸ்_அண்ணன்:

தம்பி, நாங்க 2008ல இங்க முதல் நைட் ரேஸ் நடந்தப்ப ஆரம்பிச்சது, இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. ஆளு மாறியிருக்காங்க, ரெண்டு பேரு ஊருக்கே திரும்பி போயிட்டாங்க, அங்கேருந்து இன்னும் அனுப்புறாங்க. பாயிண்ட் சிஸ்டம் எத வேணா வச்சுக்க, அதுல எவனும் சண்டை போட மாட்டான். சண்டை வர்றது ரெண்டே இடத்துல. எது ரிசல்ட், எப்ப கதவ சாத்துறது.

ரிசல்ட் விஷயத்துல டிவிய நம்பவே நம்பாத. கொடி விழுந்ததும் வர்றது தற்காலிகமான லிஸ்ட்தான், அதுக்கப்புறம் கார எடை போடுவாங்க, அடியில அளப்பாங்க, எரிபொருள் சாம்பிள் எடுப்பாங்க, ஸ்டூவர்ட்ஸ், அதாவது ரேஸ் நடுவர்கள், டிரைவர கூப்பிட்டு விசாரிப்பாங்க. 2024ல பெல்ஜியம் ஸ்பால ரஸ்ஸல் ஜெயிச்சு கோப்பையெல்லாம் தூக்கிட்டாரு, அப்புறம் பாத்தா கார் எடை ஒன்றரை கிலோ கம்மி, ஜெயிச்சது ஹாமில்டன்னு ஆயிடுச்சு. 2023ல ஆஸ்டின்ல ரெண்டாவதா வந்த ஹாமில்டனும் ஆறாவதா வந்த லெக்லெரும் உங்க லாஸ் வேகாஸ் கதை மாதிரியே பிளாங்க் தேஞ்சு போயி வெளிய. போன வருஷம் சைனால ரெண்டு ஃபெராரியும் வெளிய. ஆக இது எப்பவோ அதிசயமா நடக்குற சமாச்சாரம் இல்ல, வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு வந்துக்கிட்டே இருக்கு, ரூல் இல்லாம ஆடுனா அடி நிச்சயம்.

அதுக்குனு ஒரேடியா காத்துக்கிட்டும் இருக்க முடியாது. 2008 ரேஸ் இருக்குல்ல, அலோன்சோ ஜெயிச்சது, அவரோட டீம்ல இருந்த பிக்கே ஜூனியர் வேணும்னே சுவத்துல கொண்டு போயி மோதி சேஃப்டி கார் (விபத்து நடந்தா எல்லா காரையும் மெதுவாக்குற வண்டி) வர வச்சாருனு அடுத்த வருஷம்தான் வெளிய வந்துச்சு. ரிசல்ட் மாறல, அது வேற விஷயம், ஒருவேளை மாறியிருந்தா நாங்க ஒரு வருஷத்துக்கு முன்னாடி முடிஞ்ச டேபிள தூசி தட்டிக்கிட்டு இருக்கணுமா? அதனால எங்க ரூல் என்னன்னா, ரேஸ் முடிஞ்சு 24 மணி நேரம் கழிச்சு எஃப்ஐஏ லிஸ்ட்ல என்ன இருக்கோ அதுதான். அதுக்குள்ள மாறுனா மாறும், அதுக்கு மேல அப்பீல் அது இதுனு என்ன வந்தாலும் எங்க டேபிள தொடாது. 2022ல இங்க பெரெஸ் ஜெயிச்சப்ப ராத்திரி வெகு நேரம் வரைக்கும் விசாரணை ஓடுச்சு, சேஃப்டி காருக்கு பின்னாடி ரொம்ப இடைவெளி விட்டுட்டாருனு, கடைசியா 5 செகண்ட் பெனால்டி, அவரு ஏழரை செகண்ட் முன்னாடி வந்ததால தப்பிச்சாரு. ரேஸே மழையில ஒரு மணி நேரத்துக்கு மேல லேட்டா தொடங்கினது, மறுநாள் வேலை, ஆனாலும் எங்க ஆளுங்க ஒருத்தனும் தூங்கல, ஆனா ஒருத்தனும் சண்டையும் போடல.

கதவ சாத்துறது குவாலிஃபையிங்குக்கு (ரேஸ்ல யாரு எந்த இடத்துல இருந்து கிளம்புறதுனு முடிவு பண்ற ரவுண்டு) முன்னாடி. இதுல விட்டுக் கொடுக்காத. கிரிட் (அந்த கிளம்புற வரிசை) தெரிஞ்சதுக்கு அப்புறம் எழுதுறதுல என்ன இருக்கு? நம்ம மரினா பே சர்க்யூட்டையே எடுத்துக்க, 2008ல இருந்து போன வருஷம் வரைக்கும் 16 ரேஸ், அதுல 11 தடவை போல்ல (கிரிட்ல முதல் இடம்) இருந்தவருதான் ஜெயிச்சிருக்காரு. தப்புனது 2008, 2012, 2017, 2019, 2022 மட்டும்தான். சனிக்கிழமை ராத்திரி போல் யாருனு பாத்துட்டு அந்தப் பேர எழுதுறதுக்குப் பேரு ப்ரெடிக்‌ஷனா?

ஈஷூன்_அக்கா:

பாயா லேபார் தம்பி, முதல் மூணு இடத்த விட்டுட்டு பத்தாவது இடத்த ப்ரெடிக்ட் பண்ணி பாருங்க. சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் சொல்றேன். வெளிநாட்டுல நிறைய பேரு இப்படி ஆடுறாங்க, எங்க ஆபீஸ்ல ரெண்டு சீசனா இதுதான் போகுது.

ஒவ்வொரு ரேஸுக்கும் ஒரே ஒரு பேரு, யாரு 10வதா வருவாங்கனு. நீங்க சொன்ன ஆளு சரியா 10வது வந்தா 25, ஒரு இடம் மேலயோ கீழயோ தள்ளி வந்தா 18, ரெண்டு இடம் தள்ளினா 15, அப்புறம் 12, 10, 8, 6, 4, 2, 1, அதாவது எஃப் 1ல கொடுக்கிற அதே வரிசை. கணக்கு போடுறது ஈஸி, ஏதாவது ஒரு பாயிண்ட் பெரும்பாலும் கிடைச்சிடும், அதனால யாரும் சைபர் வாங்கி மனசு விட்டு ஓடிப் போறதில்ல. ஒரே டிரைவர திரும்பத் திரும்ப போடக் கூடாதுனு நாங்க ஒரு லிமிட் வச்சிருக்கோம், ஒரு ஆள சீசன்ல மூணு தடவைக்கு மேல எழுதக் கூடாது. இல்லன்னா எல்லாரும் ஓகோன், ஆல்பன்னு ரெண்டு பேரையே மாத்தி மாத்தி எழுதிக்கிட்டு இருப்பாங்க.

ஏன் இது நல்லா இருக்குனா மேல மூணு நாலு டீம் யாருனு சின்னப் பிள்ளைக்கும் தெரியும், நடுவுலதான் குடுமிப்பிடி சண்டையே. குவாலிஃபையிங்ல 9வதுக்கும் 15வதுக்கும் நடுவுல கண் சிமிட்டுற நேரம்தான் வித்தியாசம் இருக்கும். அதுவும் இல்லாம 10வது இடத்துக்குத்தான் கடைசி ஒரு பாயிண்ட், அதுக்கு அந்த டீம்காரங்களே உயிரக் கொடுத்து ஓட்டுறாங்க. டிவியில முதல் ஆளு தனியா ஜாலியா போய்க்கிட்டு இருப்பாரு, எங்க ஆளுங்க யாரும் அவர பாக்க மாட்டாங்க, ஸ்க்ரீன் இடது பக்கம் ஓடுது பாருங்க பேரு லிஸ்ட்டு, அதையே முறைச்சு பாத்துக்கிட்டு பிட் (டயர் மாத்துற இடம்) உள்ள போயிடு போயிடுனு கத்திக்கிட்டு இருப்பாங்க. என் வீட்டுக்காரருக்கு ரேஸ்ல அ ஆவன்னா தெரியாது, டயர் கலரே வித்தியாசம் தெரியாது, அவரு போன சீசன் பாதி வரைக்கும் எங்க ஆபீஸ் டேபிள்ல ரெண்டாவது இடத்துல இருந்தாரு. ஃபேன்ஸ்னு சொல்லிக்கிறவங்களுக்கெல்லாம் வயித்தெரிச்சல்.

போன வருஷம் இங்கிலாந்து சில்வர்ஸ்டோன்ல ஹல்கென்பெர்க் 19வது இடத்துல இருந்து கிளம்பி 3வது வந்தாருல்ல, 239 ரேஸ் ஓட்டி முதல் போடியம் (முதல் மூணு இடத்துல ஒண்ணு), ஊரே கைதட்டுச்சு, அவர 10வதுனு எழுதியிருந்த எங்க அக்கவுண்ட்ஸ் பொண்ணு மட்டும் ஏன் இவ்வளவு மேல போனாருனு தலையில கை வச்சிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. ஏழு இடம் தள்ளி, 4 பாயிண்ட்.

தோ_பாயோ_ராஜா:

அக்கா சொல்றது கேக்க நல்லா இருக்கு, ஆனா அது லாட்டரி அக்கா, கோவிச்சுக்காதீங்க. ரேஸே தெரியாதவரு ரெண்டாவது இடத்துல இருக்காருனா அதுல ரேஸ தெரிஞ்சவனுக்கு என்ன மரியாதை? சீசன் முழுக்க ஃப்ரீ பிராக்டீஸ் வரைக்கும் முழிச்சிருந்து பாக்குறவன் எதுக்கு பாக்கணும்?

எங்க சிஸ்டம் வேற. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பானை, சரியா சொன்னவங்க அத பங்கு பிரிச்சுக்கணும். உதாரணத்துக்கு யாரு ஜெயிப்பாங்கங்கிற கேள்விக்கு 36 பாயிண்ட்னு வச்சுக்கங்க, உங்க குரூப்ல ஒன்பது பேரும் வெர்ஸ்டாப்பன்னு எழுதி அவரும் ஜெயிச்சா ஆளுக்கு 4. அத வச்சு ஒண்ணும் கிழிக்க முடியாது. ஆனா ஒருத்தன் மட்டும் வேற பேர எழுதி அது வந்துடுச்சுனா 36ம் அவனுக்கு. பாயா லேபார் ப்ரோவோட மூணாவது தலைவலி இதுலயே தீந்துடும். எல்லாரும் ஒரே ஆள எழுதுறதுக்கு யாருக்கும் ஆசையே இருக்காது.

இதுல 2023 சிங்கப்பூர் ரேஸ மறக்கவே முடியாது. வெர்ஸ்டாப்பன் அதுக்கு முன்னாடி வரிசையா 10 ரேஸ் ஜெயிச்சிட்டு இங்க வர்றாரு, அவரோட டீம் ரெட் புல் அந்த சீசன்ல அது வரைக்கும் தோத்ததே இல்ல. எங்க குரூப்ல எல்லாரும் அவரு பேரு, ஒரே ஒரு ஃபெராரி பைத்தியம் மட்டும் சைன்ஸ்னு எழுதுச்சு, வருஷா வருஷம் ஃபெராரினுதான் எழுதும், அறிவால எழுதல, பக்தியால எழுதுச்சு. சனிக்கிழமை பாத்தா வெர்ஸ்டாப்பன் 11வது, பெரெஸ் 13வது, ரெண்டு பேருமே குவாலிஃபையிங் கடைசி ரவுண்டுக்கே வரல. சைன்ஸ் போல், சைன்ஸ் வின். ரெட் புல் அந்த வருஷம் 22ல 21 ஜெயிச்சாங்க, விட்டது இந்த ஒண்ணே ஒண்ணுதான், அது நம்ம ஊர்ல. பானை மொத்தமும் அந்தப் பைத்தியத்துக்கு, கடைசியில இருந்தவன் ஒரே ராத்திரியில மூணாவது இடம். குவாலிஃபையிங்குக்கு முன்னாடி கதவ சாத்தணும்னு உட்லண்ட்ஸ் அண்ணன் சொல்றது இதுக்குத்தான் ரொம்ப முக்கியம். சனிக்கிழமை கிரிட்ட பாத்துட்டு எழுதலாம்னு விட்டிருந்தா எல்லாரும் சைன்ஸ்னு எழுதியிருப்பாங்க.

இன்னொண்ணும் சேத்துக்கங்க, சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே சீல் வச்ச கவர் மாதிரி நாலு கேள்வி. சாம்பியன் யாரு, டீம் சாம்பியன் யாரு, கடைசி டீம் யாரு, முதல்ல சீட் இழக்கப் போறது யாரு. இதுக்கு நல்ல வெயிட்டா பாயிண்ட் கொடுங்க, அபுதாபி வரைக்கும் உயிர் இருக்கும். போன வருஷமே பாருங்க, ஆகஸ்ட் கடைசியில ஹாலந்து ரேஸ் முடிஞ்சப்ப பியாஸ்ட்ரிதான் முதல்ல, வெர்ஸ்டாப்பன் அவருக்கு 104 பாயிண்ட் பின்னாடி. எங்க குரூப்ல வெர்ஸ்டாப்பன்னு கவர்ல எழுதினவங்களெல்லாம் கை கழுவிட்டாங்க. கடைசியில நோரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410. ரெண்டு பாயிண்ட்ல போச்சு. இந்த வருஷம் (2026) ரூல்ஸ் மொத்தமா மாறுது, எஞ்சின் புதுசு, டிஆர்எஸ் (முந்துறதுக்கு பின் இறக்கைய திறக்கிற வசதி) கிடையாது, கேடிலாக்னு புது டீம் உள்ள வர்றாங்க, சாபர் டீம் ஆடியா மாறுது. யாருக்கும் ஒண்ணும் தெரியாது. கவர் கேள்விக்கு இத விட நல்ல வருஷம் கிடைக்காது.

கிளெமெண்டி_கணக்கு:

எல்லாரும் பாயிண்ட்ஸ் பத்தியே பேசுறீங்க, 50 வெள்ளி பேநவ்ங்கிறத யாரும் கவனிக்கலையா?

ப்ரோ, அத முதல்ல நிறுத்துங்க. 2022ல வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்துல வீட்ல நேருக்கு நேர் உக்காந்து குடும்பத்தோடயோ ஃப்ரெண்ட்ஸோடயோ ஆடுறதுக்கு விலக்கு இருக்கு, சீனப் புத்தாண்டுக்கு மாஜோங் ஆடுறாங்களே அந்த மாதிரி. ஆனா அந்த விலக்கு ஆன்லைனுக்கு கிடையாது. வாட்ஸ்அப்ல பந்தயம், பேநவ்ல காசு, ஒருத்தர் கையில கணக்கு, இதெல்லாம் சேந்தா எந்தப் பக்கம் போகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல, அதுவும் கணக்கு வச்சிருக்கிறது நீங்க. காசு வச்சுத்தான் ஆடணும்னு ஆசைப்படுறவங்களுக்கு சிங்கப்பூர் பூல்ஸ்ல மோட்டார் ரேசிங் இருக்கு, தனியா போய் ஆடிக்கட்டும். உங்க குரூப்ல காசு வேணாம்.

எங்க குரூப்ல கடைசியா வந்தவன் அடுத்த சிங்கப்பூர் ரேஸ் வீக்கெண்ட் பூரா தனக்கு ஆகவே ஆகாத டீமோட தொப்பிய போட்டுக்கிட்டு சுத்தணும். ஹாமில்டனுக்கு உயிர விடுற ஒருத்தன் பாடாங் மைதானத்துல ரெட் புல் தொப்பியோட நின்ன ஃபோட்டோ இன்னமும் எங்க குரூப் டிபி. 50 வெள்ளி போனா கூட அவ்வளவு வலிச்சிருக்காது.

பாயா_லேபார்_பையன்:

ஐயோ, காசு மேட்டர் எனக்கு இப்பத்தான் உறைக்குது, நன்றி ப்ரோ, தொப்பி ஐடியாவ அப்படியே எடுத்துக்கிறேன், பேங்க்காரன் ஃபெராரி தொப்பியோட நிக்கிறத நினைச்சாலே சிரிப்பா வருது.

அண்ணே, 24 மணி நேர ரூல் ஓகே, அத வச்சாலும் லாஸ் வேகாஸ்ல ஜூரோங்க்காரன் சொன்னதுதான் நிக்கும்னு பேங்க்காரன் இப்பவே முணுமுணுக்கிறான், பரவால்ல. குவாலிஃபையிங்குக்கு முன்னாடினா அமெரிக்கா ரேஸெல்லாம் நமக்கு எந்த டைமுக்கு வரும்? ஆஸ்டின் போன வருஷம் தீபாவளி அன்னிக்கு விடியக்காலம் 3 மணிக்கு நடந்துச்சு, எங்கம்மா எண்ணெய் தேச்சு குளிக்க எழுப்புறதுக்கு முன்னாடியே நான் டிவி முன்னாடி உக்காந்திருந்தேன், முதல் தடவையா தீபாவளிக்கு சொல்லாமலே எழுந்துட்டானேனு அவங்களுக்கு ஒரே ஆச்சரியம் 😅

அப்புறம் ரிசர்விஸ்ட் (ராணுவ மறுபயிற்சி) போறவங்க, நைட் ஷிஃப்ட்ல இருக்கிறவங்க ப்ரெடிக்‌ஷன் அனுப்ப மறந்துட்டா என்ன பண்றீங்க? ஒருத்தன் போன வருஷம் அவுட்ஃபீல்ட்ல இருந்தப்ப ரெண்டு ரேஸ் போயிடுச்சு, சைபர் போட்டேன், நாட்டுக்காக குழி தோண்டிக்கிட்டு இருந்தேன் எனக்கு சைபரானு கேட்டான், பதில் சொல்ல முடியல. ஸ்ப்ரிண்ட்டுக்கும் (சனிக்கிழமை நடக்குற குட்டி ரேஸ்) தனியா வைக்கலாமா? இந்த வருஷம் அக்டோபர்ல நம்ம ஊர்லயே ஸ்ப்ரிண்ட் வருதே.

உட்லண்ட்ஸ்_அண்ணன்:

டைம் ரொம்ப சிம்பிள் தம்பி. ஐரோப்பா ரேஸ்னா நமக்கு சனிக்கிழமை ராத்திரி 10 மணிவாக்குல குவாலிஃபையிங், ஜப்பான் ஆஸ்திரேலியானா சனிக்கிழமை மத்தியானம், ஆஸ்டின் மாதிரினா ஞாயித்துக்கிழமை விடியக்காலம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு டைம் வச்சா எவனும் ஞாபகம் வச்சுக்க மாட்டான். நாங்க எல்லா ரேஸுக்கும் ஒரே டைம், வெள்ளிக்கிழமை ராத்திரி 12 மணி, சிங்கப்பூர் நேரம், முடிஞ்சுது. லாஸ் வேகாஸ்ல அங்க சனிக்கிழமை ராத்திரியே ரேஸ் வச்சிடுறாங்க, குவாலிஃபையிங் நமக்கு சனிக்கிழமை மத்தியானம், அப்பவும் நம்ம டைம் சரியாத்தான் உக்காருது.

வாட்ஸ்அப்ல வாங்காத. கூகள் ஃபார்ம் ஒண்ணு போடு, அனுப்புன நிமிஷம் தானா பதிவாகும், அனுப்புனதுக்கு அப்புறம் திருத்துற ஆப்ஷன ஆஃப் பண்ணிடு, 12 மணிக்கு ஃபார்ம மூடிடு, மூடினதுக்கு அப்புறம்தான் மொத்த லிஸ்ட்டையும் குரூப்ல போடணும். முன்னாடியே தெரிஞ்சா கடைசியில அனுப்புறவன் மத்தவங்கள பாத்து ஆடுவான், ராஜா சொல்ற பானை சிஸ்டம்ல இது இன்னும் மோசம். அந்த எடிட் பண்ற கியாசு கேஸ் அன்னிக்கே திருந்திடுவான்.

அனுப்பாதவனுக்கு சைபர் போடாத, போன ரேஸுக்கு என்ன எழுதினானோ அதையே எடுத்துக்க. ரிசர்விஸ்ட் போறவன் முன்கூட்டியே எத்தனை ரேஸுக்கு வேணா அனுப்பி வச்சுட்டு போகலாம். பொண்டாட்டிகிட்ட சொல்லி அனுப்பச் சொல்றவனும் உண்டு, எங்க குரூப்ல ஒருத்தனுக்கு அப்படி பொண்டாட்டி போட்டதுதான் அந்த சீசன்லயே அவன் வாங்கின பெரிய ஸ்கோர்.

ஸ்ப்ரிண்ட்டுக்கு தனி ஃபார்ம் வேணாம், சோர்ந்து போயிடுவாங்க. ஜெயிக்கிற ஆளு ஒரே பேரு, சின்ன பாயிண்ட், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, ஸ்ப்ரிண்ட் வீக்கெண்ட்ல வெள்ளிக்கிழமையே ஸ்ப்ரிண்ட்டுக்கான குவாலிஃபையிங் நடந்துடும், பிராக்டீஸும் ஒண்ணே ஒண்ணுதான். அந்த வாரங்களுக்கு மட்டும் வியாழக்கிழமை ராத்திரி 12க்கு மூடிடு.

பாயா_லேபார்_பையன்:

சூப்பர்ணே. நான் நினைச்சிருக்கிறது, ஜெயிக்கிறவருக்கு ராஜா ப்ரோவோட பானை, கூடவே அக்காவோட பத்தாவது இடம், சீசன் முன்னாடி நாலு கவர் கேள்வி. முதல் மூணு இடத்த வரிசையா எழுதுறத தூக்கிடுறேன். ரொம்ப அதிகமா போயிடுச்சா?

தோ_பாயோ_ராஜா:

அதிகம் இல்ல. ஃபார்ம்ல ரெண்டே பேரு எழுதணும், பஸ்ல போகும்போதே முடிச்சிடலாம். ஆனா பத்தாவது இடத்துக்கு 25 வேணாம், பாதியா குறைங்க, இல்லன்னா லாட்டரி அடிச்சவன்தான் சாம்பியன்.

ஈஷூன்_அக்கா:

ராஜா, உங்க ஃபெராரி பக்தர் ஒரே ராத்திரியில மூணாவது இடத்துக்கு வந்தது லாட்டரி இல்லாம வேற என்ன? 😄 36க்கு 25 சரியாத்தான் இருக்கு, குறைக்காதீங்க தம்பி.

பத்தாவது இடம் வைக்கப் போறீங்கனா ஒரு ரூல இப்பவே எழுதிடுங்க, ரிட்டயர் ஆனவங்கள எப்படி கணக்கு பண்றதுனு. எஃப் 1ல ஜெயிச்சவரு ஓட்டுன தூரத்துல 90 சதவீதம் ஓட்டியிருந்தா கார் நின்னு போனாலும் ரிசல்ட்ல இடம் உண்டு. 2023ல இங்க மூணாவது ஓடிக்கிட்டு இருந்த ரஸ்ஸல் கடைசி லேப்ல சுவத்துல போய் இடிச்சாரே, அவருக்கு 16வது இடம்னு போட்டாங்க. எங்க ஆபீஸ்ல முதல் சீசன்ல பாதியில நின்னவங்களுக்கும் டிவி லிஸ்ட்ல இருக்கிற வரிசைய வச்சு பாயிண்ட் கொடுத்துட்டு இருந்தோம், அப்புறம் மாத்திட்டோம், லிஸ்ட்ல இடம் நம்பர் போட்டிருந்தாதான் பாயிண்ட், இல்லன்னா சைபர்.

தோ_பாயோ_ராஜா:

அது நியாயம் இல்லக்கா. 8வது ஓடிக்கிட்டு இருந்த ஆளு எஞ்சின் புகைஞ்சு நின்னா எழுதினவன் என்ன பண்ணுவான்? அதுவும் எல்லாருக்கும் எஞ்சின் புதுசா வர்ற வருஷம், முதல் சில ரேஸ்ல எத்தனை கார் நிக்கப் போகுதோ. நின்ன வரிசைப்படியே கொடுங்க, சைபர் வேணாம்.

ஈஷூன்_அக்கா:

எஞ்சின் புதுசுங்கிறதாலதான் சைபர் போடணும்ங்கிறேன். எது நிக்கும் எது ஓடும்னு யோசிச்சு எழுதட்டுமே. பிராக்டீஸ் வரைக்கும் முழிச்சிருந்து பாக்குறவனுக்கு மரியாதை வேணும்னு நீங்கதானே கேட்டீங்க?

பாயா_லேபார்_பையன்:

இத குரூப்லயே ஓட்டுக்கு விட்டுடுறேன், இன்னிக்கு ராத்திரி ஓட்டெடுப்பு போடுறேன். வாட்ஸ்அப் ஓட்டெடுப்புல ஓட்ட மாத்திக்கலாம்ல? சரி, அதையும் கூகள் ஃபார்ம்லயே போட்டுடுறேன்.